புகைக்கும் ஒரு தேசப்படம்

2025ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தினுட் குரங்கொன்று புகுந்ததனால் இலங்கை முழுவதும் மின்சாரம் இழந்தது. முன்னொரு வானரம் இலங்கைக்குத் தீ வைத்தது, இவ்வானரமோ இலங்கையின் விளக்கை அணைத்தது என்று நகைத்துக்கொண்டோர் பலர். நகைப்பு அடங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் முறைவைத்து மின்வெட்டு நடைபெற்றபோதுதான், அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலையின் மூன்று பொறித்தொகுதிகளும் நின்றுவிட்டன என்பதும், அவை மீண்டும் முற்றாக இயங்குவதற்குச் சில நாட்கள் செல்லும் என்பதும் மக்களுக்குத் தெரியவந்தன. விளக்கு அணையும்போது மாத்திரம் நுரைச்சோலையின் பெயர் நாட்டின் வாயில் வருகின்றது. விளக்கு எரியும் நாட்களில் அங்கே என்ன எரிகின்றது, எரிந்தது எங்கே செல்கின்றது என்று கேட்போர் மிகச் சிலர். அச்சிலருட் பெரும்பாலோர் அப்புகையின் கீழே வாழ்பவர்கள்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே கடலை நோக்கி நிற்கும் ‘லக்விஜய’ அனல்மின் நிலையமே இலங்கையில் உள்ள ஒரேயொரு நிலக்கரி மின் நிலையம். சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனைக்கொண்டு 2006இல் வேலை தொடங்கப்பெற்றது. 2011இல் முதற்றொகுதியும் 2014இல் ஏனைய இரண்டும் இயங்கத் தொடங்கின. தொகுதி ஒன்றுக்கு 300 மெகாவாற்றாக மொத்தம் 900 மெகாவாற்று. ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரித்து, நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது தருகின்றது. அதன் புகைபோக்கியின் உயரம் 150 மீற்றர். மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டமுமாகத் தட்டையாய்க் கிடக்கும் அந்நிலத்திலே இப்புகைபோக்கி நெடுந்தொலைவிலிருந்தே கண்ணிற் படும்.

புவியியல் கற்பித்துப் பழகிய எனக்கு எந்தச் செய்தியும் ஒரு தேசப்படத்தில் ஏறிய பின்னரே செவ்வையாக விளங்கும். மழைவீழ்ச்சிக்குப் படம் இருக்கிறது. மண்ணுக்குப் படம் இருக்கிறது. குடித்தொகைக்கும் நெல் விளைச்சலுக்கும் படம் இருக்கிறது. மலேரியா இந்நாட்டில் இருந்த காலத்தில் அதற்கும் மாவட்டந்தோறும் படம் வரைந்தோம். நுரைச்சோலையைச் சூழ்ந்த ஊர்களிற் பிள்ளைகள் உட்கொள்ளும் காற்று எந்த மாதத்தில், எந்த ஊரில், எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் படமொன்று அவ்வூர்ப் பாடசாலையின் சுவரில் தொங்குமாயின், அங்கே நடைபெறும் வாக்குவாதங்களிற் பாதி அன்றே தீர்ந்துவிடும். அத்தகைய படத்தை வரைவது எவ்வாறு, வரைவதில் உள்ள இடர்கள் யாவை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேட்பதற்கு எளிதாயிருக்கும் இக்கருமம் உண்மையில் எளிதன்று.

நிலத்தைப் படமாக்குவோனுக்கு நிலம் காத்திருக்கும். கிணற்றுநீருங்கூட ஓரளவு காத்திருக்கும். சுன்னாகத்து அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி யாழ்ப்பாணத்தார்க்கு மறந்திராது. அங்கே கிணறு கிணறாக நீரை அள்ளிச் சோதித்து இடங்குறிக்க முடிந்தது. அவ்வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று 2019 ஏப்பிரிலில் இரண்டு கோடி ரூபா இழப்பீட்டுத் தீர்ப்பில் முடிந்தது. காற்றின் இயல்பு வேறு. பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முற்றத்தைக் கடந்துபோன காற்றை ஐந்து மணிக்குப் போய் அள்ளிவர இயலாது. அவ்வேளையில் அங்கே ஒரு கருவி இருந்திருத்தல் வேண்டும், அல்லது ஒரு கணக்கு இருந்திருத்தல் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் எஞ்சுவது மக்களின் நினைவு ஒன்றுதான். மக்களின் நினைவை அதிகாரிகள் ‘முறைப்பாடு’ என்பர். கருவியின் நினைவையே ‘தரவு’ என்பர்.

நுரைச்சோலையைப் பொறுத்தவரை முதலில் தெளிய வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அங்கே புகை ஒன்றன்று, இரண்டு. புகைபோக்கியின் வாயால் மேலே செல்வது ஒன்று. நிலத்திலே திறந்தவெளியிற் குவித்துவைத்த நிலக்கரியிலிருந்தும் சாம்பலிலிருந்தும் காற்று அள்ளிச் செல்வது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு விதிகளுக்கு அமைவன. வெவ்வேறு தூரத்தில் விழுவன. உடம்புக்கு வெவ்வேறு வகையில் தீங்கு செய்வன. ஆகவே இவற்றுக்கு வேண்டுவன இரண்டு படங்கள். இவற்றை ஒரே படத்தில் ஒரே எண்ணாக மடக்கும்போது இரண்டுமே மறைந்துபோகின்றன. முறைப்பாடு முற்றத்துத் தூசியைப் பற்றியதாயிருக்க, விடை புகைபோக்கியின் அளவைப் பற்றியதாக வருமாயின், இரு பகுதியாரும் உண்மையே பேசிக்கொண்டு ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைக்கும் நிலை தோன்றும்.

புகைபோக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம். நிலக்கரி எரிகையில் வெளிவரும் சாம்பற் துணிக்கைகளுள் மிகப் பெரும்பகுதியை மின்னேற்றங்கொடுத்துத் தட்டுகளில் ஒட்டவைக்கும் பொறியொன்று பிடித்துவிடுகின்றது. கந்தகவீரொட்சைட்டிற் பெரும்பங்கைக் கடல்நீரிற் கழுவி நீக்கும் ஏற்பாடும் நுரைச்சோலையில் உண்டு. இவை ஒழுங்காக இயங்கும்போது புகைபோக்கியின் வாயிற் கண்ணுக்குத் தெரிவது சிறிதே. தெரியாதவையோ எஞ்சிய கந்தகவீரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுக்கள், பொறிக்கு அகப்படாத மிக நுண்ணிய துணிக்கைகள் ஆகியன.

இவை எங்கே இறங்கும்? இக்கேள்விக்குக் கணித விடை ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு முன்னரே எழுந்துவிட்டது. பிரித்தானிய வானிலையாளரான பாசுக்குவில் என்பார், காற்றின் வேகத்தையும் வெயிலின் கடுமையையும் இரவு மேகத்தையுங் கொண்டு வளிமண்டலத்தின் நிலையை ஆறு வகுப்புக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புகை எவ்வளவு விரியும் என்று மதிப்பிடும் முறையை 1961இல் வெளியிட்டார். புகைப்பாதையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் மிகுந்தும் ஓரங்களிற் குறைந்தும், கௌசு என்னும் கணிதமேதையின் பெயராற் குறிக்கப்படும் மணிவடிவ வளைகோட்டை அது ஒத்திருக்கும் என்பதே அதன் அடிப்படை. இன்று கணினிகள் செய்வன இதைவிட நுணுக்கமானவை. ஆயினும் வித்து இதுவே.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிபொன்று மாணவர்க்குச் சுவைதரும். புகைபோக்கியின் அடியில் வசிப்பவனுக்கு அதன் புகை அநேகமாகக் கிடைப்பதில்லை. புகை மேலே எழுந்து, காற்றோடு சென்று, விரிந்து விரிந்து, எங்கோ ஓரிடத்தில் நிலத்தைத் தொடுகின்றது. அவ்விடத்தில் செறிவு உச்சமாகிப் பின் மெல்லக் குறைகின்றது. உயரமான புகைபோக்கியாயின் அவ்வுச்சம் சில கிலோமீற்றருக்கு அப்பால் விழக்கூடும். புகை சென்றடையும் உயரத்தை இரட்டித்தால் நிலத்திலே உச்சச் செறிவு ஏறத்தாழ நாலிலொன்றாகும். இதனை அறிந்துதான் உலகெங்கும் புகைபோக்கிகளை வானளாவக் கட்டினார்கள். வெளிவரும் நஞ்சின் நிறையோ இதனால் ஓர் இறாத்தலுங் குறைவதில்லை. விழும் இடம் பரந்து நீர்க்கின்றது, அவ்வளவே.

பிரித்தானியாவின் அனுபவம் இதற்குச் சான்று. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரத்தை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தால் 4,000 பேர் வரையில் மாண்டனர் என்று அக்காலத்திற் கணக்கிட்டனர். பிற்கால ஆராய்ச்சி அத்தொகையை 12,000 வரை உயர்த்தியது. 1956இல் தூயகாற்றுச் சட்டம் வந்தது. அதன்பின் மின் நிலையங்கள் நகரை விட்டு அகன்றன, புகைபோக்கிகள் உயர்ந்தன, இலண்டனின் வானம் தெளிந்தது. ஆனால் 1960களின் பிற்பகுதியிலே சுவீடன் நாட்டு விஞ்ஞானியான சுவாந்தே ஒடேன் என்பார், தம் நாட்டு மழையும் ஏரிகளும் அமிலமாகி வருவதையும், அதற்கான கந்தகம் பிற நாடுகளிலிருந்து காற்றில் வருவதையும் எடுத்துக்காட்டினார். இலண்டனுக்கு உயர்ந்த புகைபோக்கி, சுவீடனின் மீனுக்கு எமனாயிற்று. எல்லைதாண்டும் வளிமாசு பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கை 1979இல் செனீவாவில் கைச்சாத்தாகியது. தென்னாசிய நாடுகளும் 1998இல் மாலேயிற் கூடி அதையொத்த பிரகடனமொன்றை வெளியிட்டன. பிரகடனங்களில் நாம் ஒருபோதும் குறைவைத்ததில்லை.

மீண்டும் கற்பிட்டிக்கு வருவோம். கடற்கரையிற் கட்டிய புகைபோக்கிக்கு உள்நாட்டுப் புகைபோக்கிக்கு இல்லாத குணமொன்று உண்டு. பகலிற் கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்து அடுக்கமைந்தது. அதனூடே புகை அதிகம் கலையாது நாடாப்போற் செல்லும். அக்காற்று வெயிலில் காய்ந்த மணலின்மேல் வந்ததும் அடியிலிருந்து சூடேறிக் கொதிநீர்போற் புரளத் தொடங்கும். புரளும் இப்படை கரையருகே மெல்லியதாயும் உள்ளே செல்லச்செல்லத் தடித்தும் இருக்கும். அது தடித்துப் புகை செல்லும் உயரத்தை எட்டும் இடத்தில், அதுவரை மேலே சென்ற புகை ஒருங்கே கீழே இழுக்கப்படுகின்றது. அங்கே வாழ்வோர்க்குச் சில மணி நேரம் கடுமையான செறிவு கிடைக்கும். கடற்காற்றை எண்ணாத சமதரைக் கணக்கில் இது வராது. ஆகையால், கடலோர நிலையமொன்றுக்குப் படம் வரைபவரிடம் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘கடற்காற்றைக் கணக்கில் எடுத்தீர்களா?’ என்பதே.

இனி முற்றத்துத் தூசி. இதற்கு உயர்கணிதம் வேண்டா. நாட்காட்டியும் காற்றாடியும் போதும். நிலக்கரி ஏற்றிவரும் கப்பல்கள் கரையை அணுகுவதில்லை. ஆழ்கடலில் நங்கூரமிட, தட்டைப் படகுகள் சுமையைக் கரைக்குக் கொணர்கின்றன. தென்மேற் காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடைபெறாது. எனவே ஏறத்தாழ ஒக்டோபர் தொடக்கம் ஏப்பிரில் வரை இறக்கியதைக் குவித்துவைத்து, எஞ்சிய மாதங்களில் எரிக்க வேண்டும். குவியல் மிக உயர்ந்து நிற்பது எப்பொழுது? ஏப்பிரில் முடிவில். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று கூறும் தென்மேற் காற்று வலுத்து வீசத் தொடங்குவது எப்பொழுது? மே மாதத்தில். கற்பிட்டியில் அக்காற்றின் வலிமை, பட்டத்திற் தொங்கிக் கடலிற் சறுக்கி விளையாடப் பிறநாட்டார் அதைத் தேடி வருமளவினது. கடற்கரையிலே நிலையம், அதற்குக் கிழக்கிலும் வடக்கிலும் ஊர்கள், கடலிலிருந்து வீசும் காற்று, காற்றின் வழியில் அவ்வாண்டின் மிகப் பெரிய குவியல். இவ்வளவும் ஒருங்கே சேர்வதைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. நிலையத்தின் இடத்தைத் தெரிந்தபோதே இது தெரிந்துகொள்ளப்பட்டது. மார்கழியில் வாடை வீசும்போது தூசி கடலுக்குப் போகும், ஊர் மூச்சுவிடும்.

இலையிலும் துணியிலும் கரி படிகின்றது, தோட்டப்பயிர் கெடுகின்றது, பிள்ளைகளுக்கு இருமல் தீரவில்லை என்று நுரைச்சோலை, நரக்களி, இலந்தையடி, ஆலங்குடா முதலிய ஊர்களில் மக்கள் பல்லாண்டுகளாகக் கூறிவருகின்றனர். குவியல்களைச் சுற்றிக் காற்றுத்தடை வேலிகள் அமைத்ததும், நீர் தெளித்ததும், மண்ணிட்டு மூடியதும் இம்முறைப்பாடுகளின் பின்னரே. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். துணியிற் படியும் தூசி பருத்தது. குவியலிலிருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் விழுந்துவிடும். மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். சுவாசப்பையின் அடிவரை சென்று இரத்தத்திலுங் கலக்கவல்லது 2.5 மைக்குரோனுக்குக் குறைந்த நுண்துணிக்கை. தலைமயிரின் தடிப்பில் இருபதிலொன்றுதான் அது. அதனைக் கண் காணாது, துணி காட்டாது. கந்தகவீரொட்சைட்டுங்கூடச் சில மணி முதற் சில நாள்வரை காற்றிற் சென்றபின் சல்பேற்று என்னும் நுண்துணிக்கையாக மாறுகின்றது. சோளகக் காலத்தில் அது புத்தளக் களப்பையும் வில்பத்துக் காட்டையும் தாண்டி அனுராதபுரத்தின் பக்கமாகச் செல்லும். எனவே, கண்ணுக்குப் புலனாகும் தீங்கின் படம் சிறியது, கரியது, கரையோரமானது. புலனாகாத தீங்கின் படமோ பெரியது, மங்கலானது, வடகிழக்கே நீள்வது.

அடுத்த இடர் சராசரியால் வருவது. இலங்கையின் வளித்தர நியமங்கள் 2008இல் திருத்தப்பட்டன. 2.5 மைக்குரோன் துணிக்கைக்குக் கனமீற்றர் ஒன்றில் ஆண்டுச் சராசரி 25 மைக்குரோகிராம், ஒருநாட் சராசரி 50 மைக்குரோகிராம் என்பன அந்நியமங்கள். ஓர் ஊரை எண்ணிக்கொள்வோம். இது என் கற்பனைக் கணக்கு. எந்த ஊரின் அளவீடும் அன்று. சோளகம் வீசும் நான்கு மாதமும் அவ்வூரில் நாள்தோறும் 48 மைக்குரோகிராம். மற்றைய எட்டு மாதமும் 12. ஆண்டுச் சராசரி 24. ஒருநாள் நியமம் ஒருநாளேனும் மீறப்படவில்லை. ஆண்டு நியமமும் மீறப்படவில்லை. அறிக்கையில் ‘நியமத்துக்கு உட்பட்டது’ என்று முத்திரை விழும். அந்நான்கு மாதமும் அங்கே பிறந்த குழந்தை உட்கொண்டதோ, உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒருநாளுக்கென விதந்துரைத்த 15 மைக்குரோகிராமின் மும்மடங்குக்கு மேல். அந்நிறுவனத்தின் ஆண்டு விதப்புரை 5. நம் நியமம் அதைப்போல் ஐந்து மடங்கு. பொய்யான எண் ஒன்றேனும் இவ்வறிக்கையில் இல்லை என்பதுதான் இதிலுள்ள வருத்தம். மழைவீழ்ச்சிக்கு மாதவாரியாகப் படம் வரையத் தெரிந்த நமக்கு, மாசுக்கும் மாதவாரியாகப் படம் வேண்டும் என்று கேட்கத் தெரிதல் வேண்டும்.

இன்று செய்மதியிலிருந்தே எல்லாவற்றையும் காணலாமே என்று கூறும் இளைஞர் உளர். 2017 ஒக்டோபரில் ஐரோப்பியர் ஏவிய ‘சென்ரினல்-5பி’ என்னும் செய்மதி நைதரசனீரொட்சைட்டையும் கந்தகவீரொட்சைட்டையும் நாள்தோறும் உலகெங்கும் அளக்கின்றது. அதன் தரவை எவரும் விலையின்றிப் பெறலாம். அரசாங்கங்கள் மறைத்த புகையைப் பல நாடுகளில் இத்தகைய கருவிகள் வெளிக்காட்டியுள்ளன; இதனைக் குறைத்து மதிப்பிடேன். ஆயினும் அது காணும் மிகச் சிறிய கட்டம் 5.5 கிலோமீற்றர் நீளமும் 3.5 கிலோமீற்றர் அகலமும் உடையது. கற்பிட்டிக் குடாநாட்டின் அகலமே ஒருசில கிலோமீற்றர். கட்டம் ஒன்றுக்குள் கடலும் ஊரும் களப்பும் கலந்துவிடும். அது நாட்டின்மேற் செல்வது பிற்பகல் ஒன்றரை மணியளவில் ஒருமுறை. மேகம் மூடினால் அதுவும் இல்லை. மேலும் அது காண்பது நிலத்திலிருந்து வானம்வரை நிற்கும் தூணின் மொத்தத்தை. மனிதன் சுவாசிப்பதோ அத்தூணின் அடி ஆறு அடியை. திசையும் நீட்சியும் அறியச் செய்மதி நன்று. ஆலங்குடாவுக்கும் நரக்களிக்கும் இடையே உள்ள வேற்றுமையை அது சொல்லாது.

நிலத்திற் சில கருவிகளை வைத்து, அவற்றுக்கிடையே உள்ள இடத்தைக் கணக்கால் நிரப்பும் முறையும் உண்டு. தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளரான டானி கிறீக் என்பார், சில துளைகளில் எடுத்த மாதிரிகளிலிருந்து பொன் எங்கெங்கே எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட 1951இல் வகுத்த வழி இன்று மாசுப்படம் வரையவும் பயன்படுகின்றது. பொன்னைத் தேடப் பிறந்த கணிதம் கரியைத் தேட வந்திருக்கின்றது. ஆனால் மூன்று புள்ளிகளைக் கொண்டு முப்பது ஊருக்கு வண்ணந்தீட்டிய படம், பார்வைக்கு அழகாயிருக்குமேயன்றி நம்பத்தக்கதன்று. படத்தில் வண்ணத்தைப் பார்க்குமுன் கருவி நின்ற புள்ளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்லிவைத்தல் நலம்.

எதிர்த்தரப்பின் நியாயமான வினாவொன்றையும் கூறாமல் விடுதல் தகாது. அங்கே காற்றில் உள்ள தூசியெல்லாம் மின் நிலையத்தினதா? அன்று. மேற்கே கடல் இருக்கின்றது. அதன் உப்பும் காற்றிற் துணிக்கையாக வரும். புத்தளத்து உப்பளங்கள் உள்ளன. பாலாவியிலே சீமெந்துத் தொழிற்சாலை உண்டு. உழுத மணற்றோட்டங்களின் புழுதியும் விறகடுப்பின் புகையும் வாகனப் புகையும் உண்டு. எடையை மட்டும் அளக்கும் கருவி இவற்றைப் பிரித்தறியாது. ஆனால் பாடசாலையில் உள்ள சாதாரண நுணுக்குக்காட்டி ஓரளவு பிரித்தறியும். நிலக்கரித் துண்டு ஒழுங்கற்ற கூர்விளிம்போடு கருமையாயிருக்கும். உலையில் உருகி உறைந்து பறந்த சாம்பல், கண்ணாடி மணிபோல் உருண்டையாயிருக்கும். இயற்கை மண்ணில் அவ்வுருண்டையைக் காண்பது அரிது. உப்பு சதுரப் பளிங்காயிருந்து ஒரு துளி நீரிற் கரைந்துவிடும். மணல் ஒளியை ஊடுருவவிடும். பெரிய ஆய்வுகூடங்கள் தூசியிலுள்ள மூலகங்களை அளந்து இதையே செம்மையாகச் செய்கின்றன. ‘தூசி எவ்வளவு?’ என்பதோடு ‘தூசி யாருடையது?’ என்றும் படம் சொல்லுமாயின், குற்றமற்றவனுக்கும் அது பாதுகாப்பே.

இதிலே தமிழ் வாசகர்க்குத் தனிப்பட்ட தொடர்பு ஒன்றுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சமடைந்தனர். கற்பிட்டி, நுரைச்சோலை, ஆலங்குடாப் பகுதிகளிற் கொட்டில் போட்டு, பின் குடியேறினர். ஒருமுறை சொந்த மண்ணை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இப்புகையின் அயலில் வாழ்கின்றனர். அவர்களின் பேச்சு நம் பேச்சு. அவர்களை நோக்கி ‘வேறிடம் போய்விடுங்கள்’ என்று இலகுவாகச் சொல்லிவிட எவருக்கு வாயுண்டு? வளிமாசு பற்றிய அறிக்கைகள் ஆங்கிலத்திற் சமவளவுக் கோடுகளோடு வருகின்றன. அவற்றைப் படித்து, இக்கோடு நம் பள்ளிவாசலுக்கு மேலாற் செல்கிறது, இது நம் பாடசாலையை வளைத்துச் செல்கிறது என்று அவ்வூரவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்? அங்கே படிப்பிக்கும் ஆசிரியரே என்பேன். அறிக்கையைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடந்தருகின்றது. வேண்டியது ஒரு விண்ணப்பம்.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பவருக்கு என் விடை சுருக்கமானது: வேண்டும், இக்கட்டுரையும் மின்விளக்கின் கீழேதான் எழுதப்பட்டது. சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் கட்டுந் திட்டம் 2016 செப்டெம்பரிற் கைவிடப்பட்டது. புதிய நிலக்கரி மின் நிலையம் எதனையும் கட்டுவதில்லை என்ற சர்வதேச உறுதிமொழியில் 2021 செப்டெம்பரில் இலங்கை முன்னின்று சேர்ந்தது. இவை நற்செய்திகளே. ஆனால் புதியதைக் கட்டோம் என்ற வாக்கு, பழையதன் அருகில் வாழ்பவனுக்கு ஒரு மூச்சுக் காற்றையும் தூய்மையாக்காது. நிலக்கரி நிலையங்கள் முப்பது நாற்பது ஆண்டு ஓடுவன. இனி நிலக்கரியே இல்லை என்று நாடு முழுவதும் நிம்மதி கொள்ளும்போது, எஞ்சிய ஒன்றைக் கண்காணிக்கும் ஊக்கம் தளர்ந்துவிடுமோ என்பதே என் அச்சம்.

அரசாங்கக் கருவிகள் வரும்வரை பாடசாலைகள் வாளாவிருக்க வேண்டுவதில்லை. பிரித்தானியாவில் முதல் உலகப் போருக்கு முன்னரே தொடங்கிய முறையொன்று இன்றும் செல்லுபடியாகும். வாயகன்ற சாடியொன்றை, மரநிழலோ சுவரோ மறைக்காத இடத்தில், நிலத்தின் புழுதி தெறிக்காதவாறு ஆளுயரக் கம்பத்தில் ஒரு மாதம் வைத்தல் வேண்டும். காகம் அமராமல் விளிம்பில் முள்வளையம் இடுவது நன்று. மாத முடிவில் உள்ளே வீழ்ந்ததை வடித்து, உலர்த்தி, நிறுத்து, சாடிவாயின் பரப்பாலும் நாட்களின் தொகையாலும் வகுத்தால், ஒரு சதுரமீற்றரில் ஒருநாளில் விழுந்த தூசி எவ்வளவு என்று கிடைக்கும். ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அதில் எவ்வளவு கரி, எவ்வளவு சாம்பல், எவ்வளவு மணல் என்று எண்ணலாம். உப்பை அறிவதற்கு மாத்திரம் வடித்தெடுத்த நீரைத் தனியே வற்றவைத்துப் பார்த்தல் வேண்டும். இது பருத்த தூசிக்கான அளவேயன்றி நுண்துணிக்கைக்கானதன்று. இரண்டு படங்களில் ஒன்றைத்தான் இது தரும். ஆயினும் பத்துப் பாடசாலைகள் ஒரே நாளிற் சாடி வைத்து, ஒரே நாளில் எடுத்து, காற்றின் திசையையும் நாள்தோறும் குறித்துவந்தால், ஓராண்டில் 120 எண்கள் சேரும். நில அளவைத் திணைக்களத்தின் தேசப்படத்தில் அவற்றைக் குறித்து, சோளக மாதங்களுக்கு ஒரு தாள், வாடை மாதங்களுக்கு ஒரு தாள் என வரைவதற்குப் பத்தாம் வகுப்புப் புவியியல் போதுமானது. சாடிகளை ஏப்பிரில் நடுப்பகுதிக்குள் வைத்துவிட வேண்டும். பிந்தினால் குவியல் உயர்ந்து நிற்கும்போது வீசும் முதற்காற்றின் தூசி கணக்கில் வராமற் போகும்.